பத்தொன்பதாம் பாகத்தின் கடைசி வரி

அந்தப் பையை எடுத்துராதிங்க தம்பி, அது அங்கனயே இருக்கட்டும். சன்னலோரம் வெயில் அடிக்கும், நீங்க இந்த ஓரத்துல உக்காருங்க, காத்து நல்லா வரும். மூணு பேர் சீட்டுதான், எனக்குத் தெரியாமலா? கூட்டம் ஏறினா நான் பேசிக்கிடுதேன்.

கண்டக்டர், குரும்பூருக்கு ரெண்டு. ஏன்யா முழிக்க? சரி, ஒண்ணு. வாய் தவறிட்டு.

சிரிக்கான் பாருங்க. இவனுக்கு என்னைத் தெரியும். "இன்னைக்காவது குரும்பூர்ல இறங்குவியளா அண்ணாச்சி, இல்ல போன தடவை மாதிரி திருச்செந்தூர் வரைக்கும் போயிட்டு இதே வண்டியில திரும்புவியளா"ன்னு கேக்கான். கண் அசந்துட்டேன் தம்பி, அவ்வளவுதான். வண்டி ஆட்டத்துல தூக்கம் வந்துருது. அதுக்கு முந்தின தடவையும் தூக்கந்தான். ஒரு மனுசன் தூங்கினது குத்தமா?

நீங்க எதுவரைக்கும்? திருச்செந்தூரா, நல்லது. கையில என்ன புஸ்தகம்? அட்டையைக் கொஞ்சம் திருப்புங்க. 'நெடுங்கலம்'. அட! புதுசா போட்டிருக்கானா? எல்லாப் பாகமும் ஒரே கட்டாவா? தலகாணி மாதிரில்லா இருக்கு. எங்க காலத்துல மாசத்துக்கு ஒரு பாகம், சட்டைப்பையில மடிச்சு வைக்கிற மாதிரி வரும். ஜங்ஷன் கடையில கட்டுப் பிரிக்கும்போதே போயி நிப்போம்.

எத்தனாம் பாகத்துல இருக்கிய? மூணா? அப்ப பேசும் கல்லைத் தேடிப் போறாவ. சரி சரி, நான் சொல்லல. நீங்க மெதுவா வாசிங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் தம்பி, கடைசிப் பக்கத்தைத் திருப்பிராதிங்க. இப்ப வேண்டாம். பொறவு பாப்போம்.

என் பேரு கோமதிநாயகம். பாளையங்கோட்டை. பண்டகசாலையில கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவன். நான் இந்தப் புஸ்தகத்தை வாசிச்ச மாதிரி ஒருத்தன் வாசிச்சிருக்க மாட்டான். என்னை விட்டா இன்னொருத்தரு உண்டு. அவரு பேரு ஞானமுத்து. முருகன்குறிச்சியில கண்ணாடிக் கடை வச்சிருந்தாரு, மூக்குக் கண்ணாடி. இந்தா நான் போட்டிருக்கேன்லா, இது அவரு கையால பூட்டிக் குடுத்தது. இப்ப பொடி எழுத்து ஒண்ணும் தெரியல. மாத்தணும் மாத்தணும்னு வீட்டுல சொல்லுதா. எதுக்கு மாத்தணும்? ஃபிரேம் நல்லாத்தானே இருக்கு?

எங்களுக்கு ஒரு கூட்டம் உண்டு தம்பி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம், பீர்முகமது பாயோட தட்டச்சுப் பள்ளி மாடியில. அன்னைக்கு பிள்ளைய வராது. மெஷினையெல்லாம் உறை போட்டு மூடி வச்சிருப்பாரு. அந்த ஸ்டூல்ல ஆளுக்கு ஒண்ணுல உக்காந்து நெடுங்கலத்தைப் பத்தி சண்டை போடுவோம். பாய், நான், ஞானமுத்து, வள்ளிநாயகி டீச்சர், இன்னும் வந்து போறவுக சில பேரு. காலேஜ் பையனுவ வருவானுவ, வாய் பாத்துட்டு டீயைக் குடிச்சுட்டுப் போவானுவ.

என்ன சண்டைன்னு கேளுங்க. இந்த விண்கலத்துல இருக்கிறவன் எல்லாவனும் ஒரே மாதிரி பேசுதானா இல்லையா, அதான் பெரிய சண்டை. நான் சொல்லுவேன், ஒரே மாதிரிதான். தலைவன் மாறன், பொறியாளன் கிள்ளி, டாக்டர் தும்பை, பேருதான் வேற, வாய் ஒண்ணு. டீச்சருக்கு அதுக்கு மேல கோவம். "அவ்வளவு பெரிய கப்பல்ல பொம்பளைன்னு ஒருத்தி, அவளும் காயத்துக்குக் கட்டுப் போடத்தான் வாரா. வானத்துல போயும் அடுப்படியா?"ன்னு கேப்பாவ. நியாயந்தான்.

நான் ஒரு சோதனை வச்சேன். வசனத்துக்கு முன்னால போட்டிருக்கிற பேரைப் பெருவிரலால மூடிக்கிடுவேன். வசனத்தை மட்டும் வாசிப்பேன். யாரு பேசினது, சொல்லுங்க பாப்போம்னு. பாய் முழிப்பாரு. டீச்சர் பாதிக்குப் பாதி. ஞானமுத்து மட்டும் டக்கு டக்குன்னு சொல்லுவாரு. இது கிள்ளி, இது மாறன். எப்படிவேன்னு கேட்டா, "மாறன் கேள்வியே கேக்க மாட்டான்வே. கிள்ளி 'சரி'ன்னுதான் ஆரம்பிப்பான். தும்பை ஒருத்தரையும் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டா. மனுசன் வாயைத் தொறந்தா அவன் யாருன்னு தெரிஞ்சிரும், நீரு சரியா கேக்கலை"ம்பாரு. அந்தத் திமிரு பாத்தியளா? எங்களுக்குள்ள வே, நீருதான். அவரு எனக்கு ரெண்டு வயசு மூப்பு, அப்படியும் வேதான்.

இன்னொரு சண்டை, தேடல். எல்லாப் பாகத்துலயும் எதையாவது தேடிப் போறாவ. ஒண்ணாம் பாகத்துல தண்ணி. ரெண்டுல வரைபடம். நீங்க வாசிக்கிறதுல கல்லு. மொத்தக் கதைக்கும் சேத்து ஒரு பெரிய தேடல் உண்டு, முன்னால போன ஒரு கலம், முன்கலம். அதுல போனவன் ஒருத்தனும் திரும்பல. அவங்களைத் தேடித்தான் இவங்களே கிளம்புதாவ. நான் சொன்னேன், இது என்ன கதைவே, வீட்டுல சாவியைத் தொலைச்சவன் மாதிரி ஊரெல்லாம் தேடிக்கிட்டு. கெடச்சா கதை முடிஞ்சிரும். கெடைக்கலன்னா அடுத்த பாகம். தேடிப் போற கதை எல்லாமே ஏமாத்து. அறிவு உள்ளவன் உக்காந்த இடத்துல யோசிச்சா விடை வரும், வண்டி பிடிச்சு எதுக்குப் போகணும்? இதைத்தான் அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்லுதேன்.

இந்தா, செய்துங்கநல்லூர் வந்துட்டு. இல்லம்மா, சன்னலோரம் ஆளு இருக்கு. அங்க முன்னால எடம் கெடக்கு பாருங்க, அங்கன போங்க. ஆமா, பைதான். வருவாங்க.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், குரலு.

பதிமூணாம் பாகத்துல இருந்து ஒரு குரல் வரும் தம்பி. கலத்துல இருக்கிற ரேடியோவுல. யாரு, எங்க இருந்து, ஒண்ணும் தெரியாது. 'நாங்கள் உங்களைப் பார்க்கிறோம்.' 'நாங்கள் காத்திருக்கிறோம்.' எப்பவும் நாங்கள், நாங்கள்தான். உங்களுக்குத் தெரியாததா? 'நாங்க சாப்பிட்டாச்சு'ன்னு ஒருத்தன் சொன்னா, நீ இனிமேதான் சாப்பிடணும், நீ அதுல இல்ல. 'நாம சாப்பிடுவோம்'னா, உனக்கும் சேத்து எலை போட்டாச்சு, வந்து உக்காரு. இல்லையா? அந்தக் குரல் எப்பவும் நாங்கள்னு சொல்லிச்சு. அதனால அது வேற சாதி, வேற கிரகம், இவங்க ஆள் இல்லைன்னு நாங்க எல்லாரும் முடிவு கட்டியிருந்தோம். ஞானமுத்தும் அப்ப சரின்னுதான் சொன்னாரு.

பத்தொன்பதாம் பாகம் வந்தது. அதோட கடைசி வரி அந்தக் குரல் பேசுறதுதான். 'நாம் இன்னும் போய்ச் சேரவில்லை.' முடிஞ்சு. கீழ தொடரும்னு போட்டிருக்கும். தொடரல. எழுதினவரு புனைபேருல எழுதினவரு, யாருன்னே ஒருத்தனுக்கும் தெரியாது. அடுத்த மாசம் கடையில போயி இருபதாம் பாகம் எங்கவேன்னு கேட்டா, எழுதினவரு போய்ச் சேந்துட்டாருன்னு சொன்னான். பாருங்க, அந்த வரியை எழுதிட்டு மனுசன் போய்ச் சேந்துட்டாரு. கேக்கவும் ஆளு இல்லாம ஆயிட்டு.

நாம்! அதுவரைக்கும் நாங்கள்னு சொன்ன குரல், கடைசியில நாம்னு சொல்லுது. வாசிச்ச உடனே எனக்குப் புரிஞ்சு போச்சு. அச்சுப்பிழை. அச்சுக் கோத்தவன் அசந்துட்டான், 'ங்கள்' போயி 'ம்' விழுந்துட்டு. வேற என்ன இருக்கு? மாசா மாசம் அவசரத்துல அடிக்கிற புஸ்தகம். பதினோராம் பாகத்துல தும்பையைத் தும்பின்னு போட்டிருந்தான்.

அந்தப் பாகம் வந்த ஞாயித்துக்கிழமை ஞானமுத்து வந்தாரு. அதுக்கு முன்னால கொஞ்ச நாளா வரல. வீட்டுல ஒரு கெட்டது. அவரு மக, சின்னவ, பியூலா, மூளைக்காய்ச்சல்ல போயிட்டா. ஒம்பது வயசு. நல்ல பிள்ளை. கடையில அவரு பக்கத்துல உக்காந்து கண்ணாடியைத் துடைச்சுக் குடுக்கும், எனக்குக் கூட துடைச்சுக் குடுத்திருக்கு. அது வேற விசயம், இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அவரு ஏன் கொஞ்ச நாளா வரலன்னு உங்களுக்குத் தெரியணும்லா, அதுக்குச் சொல்லுதேன்.

வந்தவரு உக்காரல. தாடி வச்சிருந்தாரு. அந்தப் பாகத்தைப் பிரிச்சு, கடைசி வரியை மட்டும் சத்தமா வாசிச்சாரு. ரெண்டு தடவை வாசிச்சாரு. பொறவு சொன்னாரு, "அந்தக் குரல் வேற கிரகம் இல்லவே. முன்கலத்துல போனவங்கதான் பேசுதாங்க. போன புதுசுல அவங்களுக்கும் தெரியல, நாங்க வேற நீங்க வேறன்னு நெனச்சுக்கிட்டிருந்தாங்க. இப்பத்தான் தெரிஞ்சிருக்கு. போனவங்க, இருக்கவங்கன்னு ரெண்டு கலம் கெடையாது. எல்லாரும் ஒண்ணாத்தான் போய்க்கிட்டிருக்கோம், ஒருத்தரும் இன்னும் போய்ச் சேரல. அதான் நாம்."

பாய் கண்ணைத் துடைச்சாரு. எனக்கு வந்தது பாருங்க எரிச்சல். இது விவாதமா, பிரசங்கமா? கதைக்கு அர்த்தம் சொல்லுன்னா ஆளுக்கு அழுகையை வர வச்சா சரியாப் போச்சா? நான் எந்திச்சேன்.

"அச்சுக் கோத்தவன் தூங்கினதுக்குப் பேரு தத்துவமாவே?"ன்னு கேட்டேன். பையனுவ சிரிச்சானுவ. நான் விடல. இலக்கணத்துக்கு வந்தேன். "செத்தவன் எப்படிவே நாம்னு சொல்லுவான்? தன்மையிலயும் முன்னிலையிலயும் செத்தவனுக்கு எடம் கெடையாது. செத்தா படர்க்கை. அதுலயும் அவன், அவள் கூட இல்ல. மூச்சு நின்ன நிமிசத்துல இருந்து 'அது'தான். 'எப்ப எடுக்காவ'ன்னுதான் ஊரு கேக்கும், எப்ப கூட்டிட்டுப் போறாவன்னா கேக்கும்? உம்ம வீட்டு வாசல்ல நின்னு அன்னைக்கு எல்லாரும் எப்படிக் கேட்டாவன்னு யோசிச்சுப் பாரும்" அப்படின்னேன்.

பாயிண்டு எப்படி? பையனுவ கூட சிரிப்பை நிறுத்திட்டானுவ, அவ்வளவு கனமான பாயிண்டு. டீச்சர் மட்டும் "போதும் கோமதி சார், உக்காருங்க"ன்னாவ. அவுக எப்பவும் அவரு கட்சிதான்.

ஞானமுத்து அந்தப் பாகத்தை என் முன்னால இருந்த மெஷினு மேல வச்சாரு. உறை மேல. வச்சுட்டு மாடிப்படி இறங்கிப் போனாரு. அதுக்குப் பொறவு வரல. என்கிட்ட பேசவும் இல்ல. எத்தனை வருசம்னு எண்ணிக்கிட்டா இருக்க முடியும்? அவரு மவன் டேனியல் அப்ப அரை டிராயர் போட்டுட்டு அலைஞ்சான், இப்ப அவன் மவன் கனடாவுல காலேஜ் போறானாம். அவ்வளவு காலம். ஒரு இலக்கணம் பேசினதுக்கு! கேட்டியளா அநியாயத்தை? நான் அவரு வீட்டுக்குத் தீ வச்சேனா? கடன் வாங்கி ஏமாத்தினேனா? ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொன்னேன்.

எதிர்ல வந்தா சைக்கிளைத் திருப்பிக்கிட்டுப் போயிருவாரு. சரி, போறவன் போகட்டும். எனக்கும் ரோசம் இருக்குல்லா? நானும் கடைப்பக்கம் போகல. வேற கடையில கண்ணாடி போடவும் இல்ல. போட்டா அவரு தோத்த மாதிரி ஆயிரும்லா... இல்ல, நான் தோத்த மாதிரி. ஏதோ ஒண்ணு.

கூட்டமும் கலைஞ்சு போச்சு. டீச்சர் மாத்தலாகிப் போனாவ. பாய் தட்டச்சுப் பள்ளியை மூடிட்டாரு, கம்ப்யூட்டர் வந்துட்டுல்லா.

அது ஸ்ரீவைகுண்டம் பாலம். ஆத்துல தண்ணி போகுதா? எனக்குத் தெரியல, வெள்ளையா எதுவோ தெரியுது. சரி, கேளும்வே. கேளுங்க தம்பி. வாய்ப் பழக்கம்.

போன வருசம் பாய் வந்து சொன்னாரு, ஞானமுத்து தவறிட்டாரு, நாளைக்கு அடக்கம்னு. நான் போகல. அவங்க வீட்டுல இருந்து ஒருத்தரும் சொல்லலியே. பாய் சொன்னாப் போயிர முடியுமா? முறைன்னு ஒண்ணு இருக்கு. அன்னைக்கு எனக்கு வயிறு வேற சரியில்ல. கட்டிலைத் தெற்கு சன்னல் பக்கம் இழுத்துப் போட்டுப் படுத்திருந்தேன். அவங்க சர்ச்சு மணி அடிச்சது கேட்டுது.

கொஞ்ச நாள் கழிச்சு டேனியல் போன் பண்ணினான். கனடாவுல இருந்து. கடைசி நேரத்துல வந்து அப்பா பக்கத்துல இருந்துட்டுப் போயிருக்கான். "அங்கிள், அப்பா கடைசியா உங்க பேரைச் சொன்னாங்க"ன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. என்னடே சொன்னாருன்னு கேட்டேன். "கோமதின்னு சொன்னாங்க அங்கிள். அப்புறம், வீ ஹாவண்ட் ஃபினிஷ்ட் டாக்கிங்னு சொன்னாங்க" அப்படின்னான்.

ஞானமுத்து ஜென்மத்துல இங்கிலீசு பேச மாட்டாரு தம்பி. கடைப் பலகையில கூட தமிழ்தான். தமிழ்ல என்ன சொன்னாருடேன்னு கேட்டேன். "அதான் அங்கிள், பேசி முடிக்கலைன்னு." அதுக்கு முன்னால என்ன சொன்னாரு? "வீ"ங்கான். 'வீ'ன்னா என்னய்யா? நாமளா, நாங்களா? அவனுக்கு நான் என்ன கேக்கேன்னே புரியல. ரெண்டும் ஒண்ணுதானே அங்கிள்ங்கான். ஞானமுத்து பெத்த பிள்ளை சொல்லுதான், ரெண்டும் ஒண்ணாம்! அவன் அங்க பனியில நிக்கான், பின்னால யாரோ கூப்பிடுதாங்க, வச்சுட்டான்.

யோசிச்சுப் பாருங்க. கட்டில் பக்கத்துல இருந்தது ரெண்டே பேரு. டேனியல், அவன் அம்மா. எஸ்தர் மைனி. 'கோமதியும் நானும், நாங்க இன்னும் பேசி முடிக்கல'ன்னு சொல்லியிருந்தாருன்னா, மைனியைப் பாத்துச் சொல்லியிருக்காரு. என்னைப் பத்திச் சொல்லியிருக்காரு. முடிஞ்சு போன ஒரு சண்டையைக் கதையா சொல்லியிருக்காரு. நான் அங்க படர்க்கை. ஆனா 'கோமதி, நாம இன்னும் பேசி முடிக்கல'ன்னு சொல்லியிருந்தாருன்னா? அப்ப யாரைப் பாத்துச் சொன்னாரு? நான் அங்க இல்லையே தம்பி. நான் பாளையங்கோட்டையில என் வீட்டுல கெடக்கேன். என்னைப் பாத்துல்லா சொல்லியிருக்காரு!

ஒண்ணு, காய்ச்சல் வேகத்துல வந்த உளறல். அச்சுப்பிழை மாதிரி, வாய்ப்பிழை. அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்கணும்.

அந்தப் போன் வந்ததுல இருந்து வீட்டுல ஒருமாதிரி இருக்கு தம்பி. டீக்கடையில ரெண்டு டீன்னு சொல்லிருதேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா சட்டையை மாட்டிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கேன், எங்க போகன்னு தெரியல. பத்தொன்பதாம் பாகத்தை எடுத்து வச்சுக்கிட்டு வாதாடுதேன். வீட்டுக்காரி அடுப்படியில இருந்து கேக்கா, யாருகிட்ட பேசுதியன்னு. வாசிக்கேன்னு சொல்லுவேன். நான் ஒண்ணு சொன்னா அவரு ஒண்ணு சொல்லுதாரு. நான் அச்சுப்பிழைங்கேன், அவரு "நீரு சரியா கேக்கலைவே"ங்காரு. நானா நெனச்சுக்கிடுதேன்னு சொல்லுவிய. இருக்கலாம். ஆனா பேரை மூடிட்டு வாசிச்சாலும் அது அவரு பேச்சுன்னு எனக்குத் தெரியும் தம்பி. என் பேச்சு அப்படி இருக்காது. எனக்கு அவ்வளவு பொறுமை கெடையாது.

எஸ்தர் மைனி இப்ப குரும்பூர்ல தங்கச்சி வீட்டுல இருக்காவ. பஸ் ஸ்டாப்புல இறங்கினா கூப்பிடு தூரம். போயி ஒரே ஒரு கேள்வி கேக்கணும். மைனி, அண்ணாச்சி சொன்னது நாமளா, நாங்களா? அவுகளுக்குத் தெரியும். அவுக பனைவிளை ஊர்க்காரி, நல்ல தமிழ் அவுகளுக்கு. இதைத் தேடல்னு சொல்லிராதிங்க. ஒரு விவரம் கேக்கப் போறேன், அவ்வளவுதான்.

எப்படியோ இறங்க முடியாமலே போயிருது. தூக்கம்னு சொன்னேன்லா. குரும்பூர் வார நேரத்துக்குச் சரியா கண்ணை மூடிக்கிடுதேன். சரி, உங்ககிட்ட சொன்னா என்ன, நீங்க திருச்செந்தூர்ல இறங்கிப் போயிருவிய. பயமா இருக்கு தம்பி. நாங்கன்னு சொல்லிட்டாவன்னா? நான் சொன்னதுதான் சரின்னு ஆயிரும். போனவரு போனவருதான். பொறவு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் யாருகிட்ட பேச?

ஆழ்வார்திருநகரி தாண்டிட்டா? தென்திருப்பேரையும் தாண்டிட்டா? அதுக்குள்ளயா?

தம்பி, ஒரு உதவி. அந்தப் புஸ்தகத்துல கடைசிப் பக்கத்தைத் திருப்புங்க. பத்தொன்பதாம் பாகம், கடைசி வரி. எனக்குப் பொடி எழுத்து தெரியாது, நீங்களே வாசிங்க. சத்தமா வாசிங்க, வண்டி இரைச்சலா இருக்கு.

என்ன வாசிச்சிய?

திரும்ப வாசிங்க.

'நாங்கள் இன்னும் போய்ச் சேரவில்லை.' நாங்கள்னா போட்டிருக்கு? நல்லா பாத்தியளா? முன்னால பதிப்பாளரு எதுவும் எழுதியிருக்காரா, பாருங்க. முதல் பக்கத்துல. 'முந்தைய பதிப்பில் இருந்த அச்சுப்பிழைகள் திருத்தப்பட்டுள்ளன.' அப்படியா போட்டிருக்கு?

அப்ப நான் சொன்னதுதான். அச்சுப்பிழைதான். ஜெயிச்சுட்டேன். பாத்தீராவே, அச்சுல போட்டுட்டான்...

எவன்யா அவன் திருத்தினது? யாரைக் கேட்டுத் திருத்தினான்? எழுதினவரு எந்திச்சு வந்து சொன்னாரா அது பிழைன்னு? மேசையில உக்காந்துக்கிட்டு, பேனாவை எடுத்து, ஒரு கோடு. அவ்வளவுதானா? அந்த ஒரு எழுத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மனுசன் இவ்வளவு காலம் கடையைத் தொறந்து, கண்ணாடி பூட்டி, சாப்பிட்டு, படுத்து எந்திச்சிருக்காரு. அதை அடிச்சுப் போட்டா இனிமே வாசிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? உங்களை மாதிரி பிள்ளைய வாசிச்சுட்டு, ஓ, அது வேற கிரகம் போலிருக்குன்னுட்டுப் போயிரும். அவரு கட்சிக்கு ஆளே இல்லாமல்லா போயிரும்!

அது பிழை இல்ல தம்பி. நான் சொல்லுதேன், கோமதிநாயகம் சொல்லுதேன். பதிமூணுல இருந்து பதினெட்டு வரைக்கும் நாங்கள்னு எழுதினவருக்குப் பத்தொன்பதுல கை தவறுமா? வேணும்னுதான் எழுதியிருக்காரு. இருங்க, அந்தப் பையில முதப் பதிப்பு இருக்கு, அவரு மெஷினு மேல வச்சுட்டுப் போனது. இந்தா பாருங்க, நீங்களே பாருங்க. நாம். ம் மேல புள்ளி தெளிவா இருக்குல்லா? பேனா வச்சிருக்கியளா? அந்த 'ங்கள்'ளை அடிங்க. அடிச்சுட்டு 'ம்' போடுங்க. உங்க புஸ்தகந்தான், தெரியும். புதுசுதான். அடிங்க தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

ஆங், அப்படித்தான். நல்லா அழுத்தி எழுதுங்க. இப்ப வாசிங்க.

'நாம் இன்னும் போய்ச் சேரவில்லை.'

சரி. அதான் சரி.

கண்டக்டர், குரும்பூரா? நிறுத்தும்யா, இறங்கணும். தூங்கல, முழிச்சுத்தான் இருக்கேன். விசிலை அடியும்.

வாரும்வே. எந்திரியும், பையை நான் எடுத்துக்கிடுதேன். மைனிகிட்ட நீரே சொல்லும், நான் பக்கத்துல நிக்கேன். பாத்து, படி உயரமா இருக்கு. நாம இங்கன இறங்கணும்.

உங்களைச் சொல்லல தம்பி. நீங்க இருங்க.